நெரிசல் நேரத்தில் திணறும் சர்வர்: சிக்கலைத் தேடிப் பிடிக்கும் வழி

பொறுப்பேற்ற மூன்றாவது வாரம், ஒரு மாலை ஏழு மணிக்கு, நான் கவனித்துக்கொண்டிருந்த இணையதளம் திறக்கவே மறுத்தது. பதறிப்போய்க் கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். தரவுத்தளத்தின் இணைப்பு வரம்பை 151-இலிருந்து 500 ஆக உயர்த்தினேன். பத்தே நிமிடத்தில் நினைவகம் தீர்ந்து தரவுத்தளமே விழுந்துவிட்டது. மூன்று இரவுகள் கழித்து உண்மையான காரணம் தெரிந்தபோது, அதைத் தீர்க்க நிரலின் ஒரு வரியில் இரண்டு மேற்கோள் குறிகள் போதுமாக இருந்தன. அந்த மூன்று இரவுகள் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர், அதில் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற இணையச் சர்வர், பின்னால் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி, அதற்கும் பின்னால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்ற அமைப்பை வைத்துச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு, வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். லினக்ஸ் முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. மெதுவான சர்வர் எப்போதும் அதிகமாக உழைக்கும் சர்வர் அல்ல. பெரும்பாலும் அது காத்துக்கிடக்கும் சர்வர். உலாவி இணையச் சர்வருக்காகக் காத்திருக்கிறது, அது பிஎச்பிக்காக, பிஎச்பி தரவுத்தளத்துக்காக, தரவுத்தளம் வட்டுக்காகவோ ஒரு பூட்டுக்காகவோ (ஒருவர் தரவை மாற்றி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வைப்பது). இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அது தெரியும்வரை எந்த அமைப்பையும் தொடாதீர்கள்.

1. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் தடயங்களைச் சேகரியுங்கள்

தளம் முடங்கியதும் கை தானாக ரீஸ்டார்ட் கட்டளைக்குப் போகும். ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகியும் விடும், சில மணி நேரத்துக்கு. ஆனால் எது எதற்காகக் காத்திருந்தது என்ற தகவல் முழுவதும் அதோடு அழிந்துபோகும். மறுநாள் அதே நேரத்தில் அதே நிலை வரும். உங்களிடம் ஒரு தடயமும் இருக்காது.

முதலில் இவற்றைக் கோப்புகளாகச் சேமித்துக்கொள்ளுங்கள்:

- நாள், நேரம், 'அப்டைம்' தரும் சுமை எண்கள்
- 'டாப்' காட்டும் முதல் பக்கம்
- 'விஎம்ஸ்டாட் 1' கட்டளையின் பதினைந்து வரிகள்
- 'ஃப்ரீ', 'டிஎஃப்' இரண்டின் விடைகள்
- மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்', 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' (இன்னோடிபி என்பது மைஎஸ்கியூஎல் தரவைச் சேமிக்கும் எஞ்சின்)
- இணையச் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம் மூன்றின் பிழைப் பதிவுகளில் கடைசி 200 வரிகள்

இவற்றை அப்போது தேடித் தேடி இடுவது நடக்காத காரியம். அமைதியான ஒரு நாளில் எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. நெருக்கடியில் ஒரு கட்டளை, அரை நிமிடம், பிறகு வேண்டுமானால் ரீஸ்டார்ட்.

ஒரு பொறி: இணைப்புகள் நிரம்பிவிட்டால் உங்களாலேயே தரவுத்தளத்துக்குள் நுழைய முடியாது. மைஎஸ்கியூஎல் நிர்வாக உரிமை உள்ள பயனருக்காக ஓர் இணைப்பைக் கூடுதலாக ஒதுக்கி வைத்திருக்கிறது. இணையதளமும் அதே நிர்வாகப் பயனர் பெயரில் இணைந்தால் அந்த ஒன்றையும் தளமே எடுத்துக்கொள்ளும். தளத்துக்கு எப்போதும் குறைந்த உரிமையுள்ள தனிப் பயனரைக் கொடுங்கள்.

2. 'மெதுவாக இருக்கிறது' என்பதை எண்ணாக மாற்றுங்கள்

பயனர்கள் 'தளம் ஸ்லோ' என்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி என்பது தெரியாமல் நகர வேண்டாம்.

என்ஜின்எக்ஸின் வழக்கமான அணுகல் பதிவில் நேர விவரம் இருக்காது. நாமாகச் சேர்க்க வேண்டும். பதிவு வடிவத்தில் 'ரிக்வெஸ்ட்_டைம்', 'அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம்' என்ற இரண்டு மாறிகளைச் சேருங்கள். முதலாவது கோரிக்கைக்கு ஆன மொத்த நேரம். இரண்டாவது பின்னாலிருக்கும் பிஎச்பி எடுத்துக்கொண்ட நேரம். மொத்தம் 8 வினாடி, பிஎச்பி 0.2 வினாடி என்றால் சிக்கல் பயனரின் இணைப்பில் இருக்கலாம். இரண்டும் 8 என்றால் சிக்கல் உள்ளே இருக்கிறது. அப்பாச்சியில் இதற்கு '%D' என்ற குறி உண்டு (பெரிய எழுத்து D); அது மைக்ரோ வினாடியில் சொல்லும், வினாடி என்று நினைத்து மிரள வேண்டாம்.

சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு கோரிக்கைகளில் 95 பத்தில் ஒரு வினாடியிலும் 5 இருபது வினாடியிலும் முடிந்தால், சராசரி ஒரு வினாடிக்குச் சற்று மேல்தான் வரும். பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். அந்த ஐந்து பேர்தான் பணம் கட்டும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் என்றால்? நேரத்தை ஏறுவரிசையில் அடுக்கி 95-ஆவது, 99-ஆவது இடங்களில் இருப்பதைப் பாருங்கள்.

இதோடு இரண்டு நிமிடத்தில் முடியும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு படக் கோப்பு, தரவுத்தளத்தைத் தொடாத ஒரு சின்ன பிஎச்பி பக்கம், தரவுத்தளத்தைத் தொடும் ஒரு பக்கம் ஆகிய மூன்றையும் முனையத்திலிருந்தே பக்கத்தைத் திறக்கும் 'கர்ல்' கட்டளை கொண்டு எடுத்து நேரம் பாருங்கள். படமே தாமதமானால் வலையமைப்பையோ இணையச் சர்வரையோ பாருங்கள். படம் உடனே வந்து சின்னப் பக்கம் தாமதமானால் பிஎச்பி வொர்க்கர்கள் (கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும் பணியாள் நிரல்கள்) நிரம்பியிருக்கின்றன. மூன்றாவது மட்டும் தாமதமானால் நேராக 4-ஆம் படிக்குப் போய்விடலாம்.

பிழை எண்களும் வழிகாட்டும். 504 என்றால் பின்னாலிருப்பவர் நேரத்துக்குள் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 60 வினாடி. 502 என்றால் பெரும்பாலும் பின்னாலிருப்பவர் விழுந்துவிட்டார் அல்லது இணைப்பை ஏற்கவில்லை. 504 வருகிறதே என்று 60-ஐ 300 ஆக்குவது பலர் செய்யும் தவறு. பிழை மறையும். ஆனால் ஒவ்வொரு வொர்க்கரும் ஐந்து நிமிடம் சிறைப்பட்டுக் கிடக்கும்.

3. இயந்திரத்தின் நாடி

'டாப்' திறந்ததும் எல்லோர் கண்ணும் சுமை எண்ணில் விழும். லினக்ஸில் அந்த எண் சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. வட்டுக்காக அசையாமல் காத்திருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. சுமை 40 என்று காட்டும்போது சிபியு சும்மா இருக்கலாம். ஆகவே அதற்குக் கீழே சிபியு வரியில் உள்ள சதவீதங்களைப் பாருங்கள்.

'யூஎஸ்' உயர்ந்திருந்தால் நிரலோ தரவுத்தளமோ உண்மையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. 'டபிள்யூஏ' உயர்ந்திருந்தால் வட்டுக்காகக் காத்திருப்பு. 'எஸ்டி' உயர்ந்திருந்தால், உங்கள் மெய்நிகர் சர்வருக்கு உரிய நேரத்தை அதே இயந்திரத்தில் குடியிருக்கும் வேறொருவர் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் உள்ளே எதை மாற்றினாலும் பயனில்லை, அந்த எண்ணோடு சேவை நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

'விஎம்ஸ்டாட் 1' ஓடும்போது முதல் வரியை ஒதுக்கிவிடுங்கள். அது சர்வர் எழுந்ததிலிருந்து இன்றுவரையிலான சராசரி. அடுத்த வரிகளில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் தொடர்ந்து சுழியத்துக்கு மேலே இருந்தால் நினைவகம் போதாமல் வட்டுக்கு இடம்பெயர்கிறது. தரவுத்தளச் சர்வரில் இதைவிடக் கொடிய நிலை இல்லை.

'ஃப்ரீ' கட்டளையில் காலி நினைவகம் மிகக் குறைவாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். லினக்ஸ் மீதி இடத்தைக் கோப்புகளின் நகல்களை வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறது, கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' என்ற நெடுவரிசை.

'டிஎஃப்' இரண்டு முறை: ஒருமுறை இடத்துக்கு, ஒருமுறை '-ஐ' சேர்த்து ஐநோடுகளுக்கு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று என வட்டில் இருக்கும் பதிவிடம்). இடம் பாதி காலியாக இருக்கும்போதே, பயனர் யார் என்ற விவரத்தை வைத்திருக்கும் சின்னச் சின்ன செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு தீர்ந்துபோவது உண்டு.

'டிமெஸ்க்' பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், நினைவகம் தீர்ந்த நொடியில் லினக்ஸ் தானாகவே ஒரு பிராசஸைக் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கொன்றிருக்கிறது. அதிக நினைவகம் வைத்திருப்பவரையே அது முதலில் குறிவைக்கும் என்பதால், பலியாவது பெரும்பாலும் தரவுத்தளம்தான். என் முதல் இரவில் நடந்தது இதுவே.

4. தரவுத்தளத்துக்குள் என்ன நடக்கிறது

பிராசஸ்லிஸ்டைத் திறந்ததும் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். நான் பார்த்த நாளில் 150 வரிகளில் 140-க்கு மேல் ஒரே வினவல் (தரவுத்தளத்திடம் நிரல் கேட்கும் கேள்வி), எண் மட்டும் மாறி மாறி. அந்த நொடியில் சிக்கலின் பாதி தீர்ந்துவிட்டது, அதை நான் அப்போது உணராமல் போனாலும்.

பெரும்பாலான வரிகள் 'ஸ்லீப்' என்றால், இணைப்பைத் திறந்துவிட்டு நிரல் வேறெங்கோ வேலையாக இருக்கிறது அல்லது மூட மறந்துவிட்டது. மைஎஸ்கியூஎல் இயல்பாக ஒரு சும்மா இணைப்பை 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம், பொறுத்துக்கொள்ளும். இணையதளத்துக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை.

'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று வரிசையாகத் தெரிந்தால், யாரோ ஓர் அட்டவணையின் அமைப்பை மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அவருக்கு முன்னால் ஒரு பழைய பரிவர்த்தனை (ஒன்றாகச் சேர்ந்தே முடிய வேண்டிய வினவல்களின் தொகுதி) முடியாமல் திறந்தே கிடக்கிறது. அமைப்பு மாற்றம் அதற்காக நிற்கிறது. மற்ற எல்லா வினவல்களும் அமைப்பு மாற்றத்துக்காக நிற்கின்றன. பழியெல்லாம் நடுவில் நிற்பவர்மேல் விழும். குற்றவாளி அந்தப் பழைய பரிவர்த்தனை.

'லாக் வெயிட் டைம்அவுட்' பிழைகள் வந்தால் வரிப் பூட்டு. இன்னோடிபி இயல்பாக 50 வினாடி காத்துவிட்டுப் பிழை தரும். பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவே மின்னஞ்சல் அனுப்பும் அல்லது வெளிச் சேவையை அழைக்கும் நிரல் இருக்கிறதா என்று தேடுங்கள், அநேகமாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸில் இதே காட்சியைப் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' தரும். அதில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்ற நிலையில் நெடுநேரம் கிடக்கும் இணைப்புகளே முதல் சந்தேகத்துக்கு உரியவை.

5. மெதுவான வினவல்களின் பதிவைத் திறங்கள்

மைஎஸ்கியூஎல்லின் மெது வினவல் பதிவு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். திறந்தாலும் 10 வினாடிக்கு மேல் ஆனவற்றை மட்டுமே எழுதும். பரபரப்பான தளத்தில் 10 வினாடி என்பது யுகம். 'லாங்_கொயரி_டைம்' மதிப்பை முதலில் 1 ஆக்குங்கள். அங்கே தெரிவதைச் சரிசெய்த பிறகு 0.2 அளவுக்கு இறக்குங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஆனால் புதிய மதிப்பு புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். நிலையான இணைப்பு வைத்திருக்கும் தளம் பழைய மதிப்போடே ஓடிக்கொண்டிருக்கும். 'பதிவில் ஒன்றுமே வரவில்லையே' என்று நான் ஒரு மாலை முழுவதையும் இதில் இழந்தேன்.

நெரிசல் நேரம் முழுவதும் அடங்குமாறு குறைந்தது ஒரு நாளாவது ஓடவிடுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; வரம்பு சிறியதாக இருந்தால் பதிவு வேகமாகப் பருக்கும்.

பிறகு 'மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோ' அல்லது 'பிடி-கொயரி-டைஜெஸ்ட்' கொண்டு மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள்: ஒருமுறை 30 வினாடி எடுத்த அறிக்கை வினவலைத் துரத்துவார்கள். அது நாளுக்கு இரண்டு முறை ஓடினால் மொத்தம் ஒரு நிமிடம். அரை வினாடி எடுக்கும் இன்னொரு வினவல் நாளுக்கு ஒரு லட்சம் முறை ஓடினால் 50,000 வினாடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். துரத்த வேண்டியது இரண்டாவதை.

பதிவில் ஒவ்வொரு வினவலுக்கும் மேலே 'ரோஸ்_எக்ஸாமின்ட்', 'ரோஸ்_சென்ட்' என்ற இரண்டு எண்கள் இருக்கும். பத்து வரிகளைத் தர பன்னிரண்டு லட்சம் வரிகளைப் படித்திருந்தால், இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

வரம்புக்குள் சிக்காத ஒரு திருடன் உண்டு. ஒரு பட்டியலை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு வினவலை அனுப்பும் நிரல். ஒவ்வொன்றும் இரண்டு மில்லி வினாடிதான், ஆனால் ஒரு பக்கத்துக்கு 400. மெது வினவல் பதிவில் இது தெரியவே தெரியாது. சோதனைச் சர்வரில் பொது வினவல் பதிவைச் சில வினாடி திறந்து, ஒரு பக்கத்தைத் திறந்து, எத்தனை வினவல் வந்தது என்று எண்ணுங்கள்.

போஸ்ட்கிரெஸுக்கு 'லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்' அமைப்பும், 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சியும். இரண்டாவதை முதல்முறை சேர்க்கத் தரவுத்தளத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அமைதியான நேரத்திலேயே செய்து வைத்துவிடுங்கள்.

6. எக்ஸ்ப்ளெய்ன், இன்டெக்ஸ், என் இரண்டு மேற்கோள் குறிகள்

பிடிபட்ட வினவலின் முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' சேர்த்து ஓட்டுங்கள். நான்கு இடங்களைப் பாருங்கள். 'டைப்' என்பதில் 'ஆல்' என்றிருந்தால் அட்டவணை முழுவதையும் படிக்கிறது. 'கீ' என்பது உண்மையில் பயன்படுத்தும் இன்டெக்ஸ் (வரிகளை விரைவாகக் கண்டுபிடிக்க வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்). 'ரோஸ்' என்பது படிக்கப்போகும் வரிகளின் மதிப்பீடு. 'எக்ஸ்ட்ரா'வில் 'யூசிங் டெம்பரரி', 'யூசிங் ஃபைல்சார்ட்' இரண்டும் சேர்ந்து வந்தால், தற்காலிக அட்டவணை கட்டி அதன்மேல் வரிசைப்படுத்துகிறது என்று பொருள்.

என்னைத் திணறடித்த வினவல் மிக எளியது: தொலைபேசி எண்ணைக் கொண்டு ஆர்டர்களைத் தேடுவது. அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இருந்தது. அதனால்தான் மூன்று நாளும் அதைச் சந்தேகிக்கவில்லை. எக்ஸ்ப்ளெய்ன் ஓட்டியபோது 'பாசிபிள் கீஸ்' என்ற இடத்தில் இன்டெக்ஸின் பெயர் இருந்தது; பக்கத்தில் 'கீ' என்ற இடம் வெறுமையாக இருந்தது. 'ரோஸ்' பன்னிரண்டு லட்சம். இன்டெக்ஸ் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏன்? அந்த நெடுவரிசை எழுத்து வகை. நிரலோ எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாக அனுப்பியது. எழுத்தை எண்ணோடு ஒப்பிட, மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் உதவாமல் போயிற்று. மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் வைத்ததும் 'ரோஸ்' 3 என்று மாறியது. அந்த எண்ணை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் நிரலில் திருத்தும்போது குறிகளை ஒட்டவைக்காதீர்கள். அளபுருவாக்கிய வினவலில் (மதிப்பை வினவலோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் முறை) மதிப்பை எழுத்து வகையாகக் கட்டி அனுப்புங்கள், பாதுகாப்புக்கும் அதுவே சரி.

இன்டெக்ஸ் இருந்தும் உதவாத மற்ற இடங்கள்:

- நெடுவரிசையின்மேல் சார்பு போடுவது. தேதி நெடுவரிசையை 'டேட்' சார்புக்குள் வைத்து ஒப்பிடாமல், அந்த நாளின் தொடக்கம் முதல் மறுநாள் தொடக்கத்துக்கு முன்வரை என்று எல்லை கொடுங்கள்.
- 'லைக்' தேடலில் சதவீதக் குறியை முதலில் வைப்பது.
- இரண்டு நெடுவரிசை சேர்ந்த இன்டெக்ஸில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்பது.
- பட்டியலின் ஐயாயிரமாவது பக்கத்துக்கு 'ஆஃப்செட்' கொண்டு போவது. முன்னாலுள்ள எல்லா வரிகளையும் படித்து வீசிவிட்டுத்தான் அது அங்கே போகும். கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு அடுத்தது என்று கேளுங்கள்.

இன்டெக்ஸ் இலவசமன்று. வட்டில் இடம் எடுக்கும். ஒவ்வொரு சேர்ப்பும் அழிப்பும் அதையும் திருத்த வேண்டும். கண்ணில் பட்ட நெடுவரிசைக்கெல்லாம் போட்டால் எழுதும் வேகம் குறையும்.

எப்போது சேர்ப்பது? மைஎஸ்கியூஎல் 5.6 முதல் இன்னோடிபி அட்டவணையில் இன்டெக்ஸ் கட்டும்போதே படிக்கவும் எழுதவும் முடியும். ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கணம் மெட்டாடேட்டா பூட்டு வேண்டும். 4-ஆம் படியில் சொன்ன தேக்கம் அப்படித்தான் உண்டாகிறது. ஆகவே நெரிசல் இல்லாத நேரம், முதலில் பிராசஸ்லிஸ்டைப் பார்த்துப் பழைய பரிவர்த்தனை எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, பிறகு. நேரம் எவ்வளவு ஆகும் என்பதை அட்டவணையின் நகல் ஒன்றில் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். போஸ்ட்கிரெஸில் 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால், முடியும்வரை அந்த அட்டவணையில் எழுத முடியாது. அது இடையில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிச்சம் கிடக்கும். நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' வினவலை உண்மையிலேயே ஓட்டும். போஸ்ட்கிரெஸில் அழிக்கும் வினவலின் முன்னால் அதைச் சேர்த்தால் தரவு அழிந்தேவிடும்.

7. எத்தனை வொர்க்கர், எத்தனை இணைப்பு

எளிய பெருக்கல் ஒன்று. வினாடிக்கு வரும் கோரிக்கைகள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி எடுக்கிறது, இரண்டையும் பெருக்கினால் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் வொர்க்கர்களின் எண்ணிக்கை. வினாடிக்கு 50 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 0.2 வினாடி என்றால் 10 வொர்க்கர் போதும். அதே 50 கோரிக்கை, ஒரு மோசமான வினவலால் 2 வினாடி ஆகிவிட்டால் 100 வேண்டும். கூட்டம் கூடவே இல்லை. நேரம் மட்டும் பத்து மடங்கானது. 'நேற்றும் இதே கூட்டம்தானே, இன்று மட்டும் ஏன் விழுந்தது' என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பிஎச்பி வொர்க்கர்களை நடத்தும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் பதிவில் 'பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன்' எல்லையைத் தொட்டது என்ற எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவியபோது வரும் மாதிரி அமைப்பில் அது வெறும் 5. உயர்த்தலாம், ஆனால் நினைவகக் கணக்குப் போட்டு. எடுத்துக்காட்டாக 8 ஜிபி சர்வர்: தரவுத்தளத்துக்கு 4, இயங்குதளத்துக்கும் மற்றவைக்கும் 1, மீதி 3 ஜிபி. ஒரு பிஎச்பி பிராசஸ் 60 எம்பி எடுத்தால் ஏறத்தாழ 50 வைக்கலாம். 60 என்பது உங்கள் எண்ணன்று. 'பிஎஸ்' கட்டளையில் உங்கள் பிராசஸ்களைப் பார்த்து எடுங்கள். பகிரப்படும் நினைவகமும் அதில் சேர்ந்தே தெரியும் என்பதால் மதிப்பீடு சற்றுக் கூடுதலாக வரும். அது பாதுகாப்பான பக்கம்தான்.

தரவுத்தள இணைப்பு வரம்பு மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 151, போஸ்ட்கிரெஸில் 100. 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' பிழை வந்தவுடன் இதைக் கூட்ட வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மெதுவான வினவலுக்குப் பின்னால் நிற்கும் வரிசையை நீளமாக்குவதுதான் அது. ஒவ்வொரு புதிய இணைப்பும் நினைவகத்தைத் தின்னும், அதே வட்டுக்குப் போட்டியிடும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனிப் பிராசஸ் என்பதால் 'பிஜிபவுன்சர்' போன்ற இணைப்புத் தொகுப்பியை முன்னால் நிறுத்துவது நல்லது.

8. தரவுத்தளத்தின் நினைவகம்

இன்னோடிபியின் பஃபர் பூல் (தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) இயல்பாக 128 எம்பி மட்டுமே. பலர் ஆண்டுக்கணக்கில் இதைத் தொடாமலே பெரிய சர்வருக்குப் பணம் கட்டுகிறார்கள். தரவுத்தளத்துக்கென்றே தனி இயந்திரம் என்றால் நினைவகத்தில் 50 முதல் 75 சதவீதம் கொடுக்கலாம். பிஎச்பியும் அதே இயந்திரத்தில் இருந்தால் 7-ஆம் படியின் கணக்குக்குள் அடக்குங்கள். போஸ்ட்கிரெஸில் 'ஷேர்ட்_பஃபர்ஸ்' 25 சதவீதத்தில் தொடங்குங்கள்.

'சார்ட்_பஃபர்_சைஸ்' போன்றவற்றைப் பெரிதாக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். அவை இணைப்புதோறும் தனியாக ஒதுக்கப்படுபவை. 150 இணைப்பால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிரக்ஸ்_கமிட்' மதிப்பை 2 ஆக்கினால் எழுதும் வேகம் கூடும் என்பது உண்மை. மின்சாரம் போனால் கடைசி ஒரு வினாடி அளவுக்கான பரிவர்த்தனைகள் தொலையலாம் என்பதும் உண்மை. பணம் புழங்கும் தளத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். வினவல் கேஷை (வினவல்களின் விடைகளைச் சேமித்து வைக்கும் இடம்) பெரிதாக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தள்ளிவிடுங்கள். அந்த வசதியே மைஎஸ்கியூஎல் 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டது.

9. தரவுத்தளம் நிரபராதி என்றால்

எல்லாம் பார்த்தாயிற்று, வினவல்கள் வேகம், சிபியு காலி, தளம் மட்டும் நகரவில்லை. அப்போது இந்த நான்கையும் பாருங்கள்.

வெளிச் சேவை. பிஎச்பியின் கர்ல் நூலகத்துக்கு மொத்த நேர வரம்பு இயல்பாகக் கிடையாது. இணைந்த பிறகு எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். 'மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம்' காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். லினக்ஸில் அது வெளியே காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வெளி அழைப்புக்கும் இணைப்பு வரம்பு 2 வினாடி, மொத்த வரம்பு 5 வினாடி என்பது போல் நீங்களே வையுங்கள். எந்த வரியில் நிரல் நிற்கிறது என்று அறிய எஃப்பிஎம்மின் 'ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட்' அமைப்பைத் திறந்தால் கோப்பின் பெயர், வரி எண்ணோடு எழுதித் தரும்.

செஷன் பூட்டு. பிஎச்பி ஒரு பயனரின் செஷன் கோப்பைத் திறந்தால், அந்தக் கோரிக்கை முடியும்வரை அதே பயனரின் அடுத்த கோரிக்கைகள் வாசலில் நிற்கும். ஒரே பக்கம் பின்னணியில் ஆறு அழைப்புகளை அனுப்பினால் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். செஷனில் எழுத வேண்டியதை எழுதியதும் மூடிவிடுங்கள்.

நேரம் குறித்த வேலைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஏழு நிமிடம் எடுத்தால், முந்தையது முடியுமுன் அடுத்தது தொடங்கும், பிறகு அதற்கடுத்தது. 'எஃப்லாக்' கட்டளையால் ஒன்று மட்டும் ஓடுமாறு கட்டுங்கள்.

தேடு எந்திரங்களும் தானியங்கிகளும். அணுகல் பதிவில் முகவரிவாரியாக எண்ணுங்கள், ஒரு நிமிட வேலை. வடிகட்டிப் பக்கங்களின் எல்லாச் சேர்க்கைகளையும் ஒரு தானியங்கி விடாமல் திறந்துகொண்டிருப்பது அடிக்கடி காண்பது. 'ரோபோட்ஸ்' கோப்பு மதிப்பவர்களை மட்டுமே தடுக்கும். மற்றவர்களுக்கு என்ஜின்எக்ஸின் 'லிமிட்_ரெக்' கொண்டு வேக வரம்பு போடுங்கள்.

10. கேஷ், பெரிய இயந்திரம்: இவை கடைசியில்

ரெடிஸ் அல்லது மெம்கேஷ்டு கொண்டு விடைகளைச் சேமிப்பது நல்ல வழிதான். ஆனால் மோசமான வினவலை மூடி மறைக்க அதைப் பயன்படுத்தினால், கேஷ் காலாவதியாகும் நொடியில் நூறு கோரிக்கைகள் ஒன்றாக அதே வினவலை ஓட்டும். காலாவதி நேரங்களைச் சிறிது முன்பின்னாகச் சிதறவிடுங்கள்; ஒருவர் மட்டும் புதுப்பிக்க, மற்றவர்கள் பழைய விடையைப் பெறுமாறு செய்யுங்கள்.

பெரிய சர்வருக்கு மாறுவது மாதந்தோறும் தொடரும் செலவு. ஓர் இன்டெக்ஸுக்கான செலவு ஒரு மாலை நேரம். பன்னிரண்டு லட்சம் வரிகளை முழுவதுமாகப் படிக்கும் வினவல் இரட்டை வேக இயந்திரத்திலும் பன்னிரண்டு லட்சம் வரிகளையே படிக்கும். பஃபர் பூலுக்குள் தரவு அடங்கவில்லை, வினவல்கள் ஏற்கெனவே நன்றாக இருக்கின்றன என்று எண்கள் காட்டினால் தயங்காமல் நினைவகம் வாங்குங்கள். அப்போது அது சரியான செலவு.

11. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு குறிப்பேடு

ஒரே இரவில் ஐந்து அமைப்புகளை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு கோப்பில் எழுதுங்கள்: தேதி, நேரம், எதை மாற்றினேன், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றும் முன் 95-ஆவது இடத்தின் நேரம், அடுத்த நெரிசலுக்குப் பின் அதே எண். ஒரு மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு நெரிசல் நேரமாவது கடக்கட்டும். நள்ளிரவில் மாற்றிவிட்டுத் தளம் பறக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. நள்ளிரவில் எல்லாமே பறக்கும்.

ஓடும் தரவுத்தளத்தில் 'செட் குளோபல்' கட்டளையால் மாற்றிய மதிப்பு ரீஸ்டார்ட் ஆனால் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பிலும் எழுதினீர்களா என்று அன்றே சரிபாருங்கள்.

நேரக் கணக்காகச் சொன்னால், முதல் நாள் தடய ஸ்கிரிப்ட்டும் பதிவு வடிவ மாற்றமும். இரண்டாம் நாள் முழுவதும் மெது வினவல் பதிவு ஓடட்டும். மூன்றாம் நாள் மொத்த நேரத்தில் முதல் மூன்று இடத்தில் இருக்கும் வினவல்களை மட்டும் எடுங்கள். அந்த மூன்றைத் தாண்டிப் போக வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே வந்திருக்கிறது. பதிவை அதன்பிறகும் மூடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம், அதே வரிசைப்படுத்தலை ஓட்டி, புதிதாக யார் மேலே வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிரலில் புதிய வசதி சேர்த்த வாரத்தில் அநேகமாக யாராவது வந்திருப்பார்கள்.